நாக்குப் பூட்டு

என் வகுப்பில் ஈ பறந்தாலும் கேட்கும். இதை நான் சொல்லவில்லை, ஆய்வுக்கு வந்த அதிகாரி சொன்னார். மூன்று வயதும் நாலு வயதுமான வாண்டுகளை வைத்துக்கொண்டு இப்படி ஓர் அமைதியைக் கொண்டுவருவது என்றால் சும்மாவா? பக்கத்து வகுப்பு ஜான்சி காலையிலிருந்து சாயங்காலம்வரை தொண்டை கிழியக் கத்துவாள். அங்கே சந்தைக்கடைதான். நான் குரலை உயர்த்தியது கிடையாது. ஒரு பிள்ளையைத் தொட்டு அடித்ததும் கிடையாது. சுபாஷினி டீச்சர் கையில் பிரம்பைப் பார்த்தேன் என்று ஒருத்தர் சொல்லட்டும், அன்றைக்கே வேலையை விட்டுவிடுகிறேன்.

என்னிடம் இருந்தது வேறு வித்தை. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று ஊரெல்லாம் சொல்வதுதான். ஆனால் வாயைப் பொத்தினாலும் விரலுக்குப் பின்னால் நாக்கு சும்மா கிடக்காது, முணுமுணுக்கும். அதற்காக நானே ஒன்று கண்டுபிடித்தேன். நாக்கை மடித்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொண்டு நீங்களே பேசிப் பாருங்கள், முடியாது. "நாக்குக்குப் பூட்டு" என்று சொல்லிக் காற்றில் ஒரு திருகு திருகி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதுபோல் காட்டுவேன். சாவி நிஜமாகவே என் இடுப்பில் இருப்பதாகப் பிள்ளைகள் நம்பின. இதைத் தமிழ்நாட்டில் வேறு எந்த டீச்சரும் செய்யவில்லை என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

இன்னொன்றும் உண்டு, அது எல்லா ஊரிலும் இருப்பது. யாராவது உடுப்பை நனைத்துவிட்டால் நான் "ஷேம்" என்று ஒரு தடவை சொல்வேன். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும். எல்லா விரலும் ஒரே பக்கம் நீளும், ஷேம் ஷேம் என்று கூரை அதிரும். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை நனைக்காது. இதில் என்ன தப்பு? விளையாட்டுதானே என்றுதான் இருந்தேன்.

எங்கள் பாலர் பள்ளி ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலைக்குள் இருக்கிறது. ஆலையில் ஷிஃப்ட் பார்க்கும் தாய்மார்களின் பிள்ளைகள்தான் எல்லாம். உள்ளே நுழையும்போதே ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் ரப்பர் காப்பு ஒன்றை மாட்டி, காதுக்குப் பின்னால் பொட்டு மாதிரி ஒன்றை ஒட்டிவிடுவோம். காய்ச்சல் கண்டால் தாயின் போனுக்குச் செய்தி போகும். நாடித்துடிப்பு, தசை இறுக்கம் என்று இன்னும் என்னென்னவோ அது எடுத்து வைத்துக்கொள்கிறது என்றார்கள். எங்கேயோ சேர்கிறது, நமக்கென்ன என்று விட்டுவிட்டோம். தாய்மார்களும் போனில் வந்த சம்மதத்துக்குப் பெருவிரலை வைத்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினார்கள்.

என் வகுப்பின் தலைவி நறுமுகை. நாலு வயசு. நான் திருகுவதற்கு முன்னாலேயே பூட்டுப் போட்டிருப்பாள். முதுகு வளையாது. ஷேம் ஷேம் பாட்டில் முதல் குரல் அவளுடையதுதான். ஒரு நாளாவது வெளியே போகணும் என்று விரல் காட்டியிருப்பாளா? கிடையாது. "நறுமுகையைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று மற்றவர்களிடம் சொல்வேன். அவளுக்கு அப்படியே கழுத்து நீளும்.

அவள் அம்மா ஹரிணி, தலையில் பஞ்சுத் துகளோடு ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண், ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தாள். "டீச்சர், மறுபடி காய்ச்சல். யூரின்ல இன்ஃபெக்‌ஷன்னு சொல்றாக. திரும்பத் திரும்ப இப்படியே வந்தா சிறுநீரகத்தைப் பாதிக்கும்னு டாக்டரம்மா பயமுறுத்துறாக. தண்ணி பாட்டில் கொண்டுவந்த மாதிரியே வீட்டுக்கு வருது. கொஞ்சம் குடிக்கச் சொல்லுங்களேன்."

"இங்க வந்து நான் ஒவ்வொரு புள்ளைக்கும் ஊட்டிவிடவா முடியும்? வீட்டுல பழக்குங்க. அம்மா கண்டிப்பா இருந்தாத்தான் புள்ள கேக்கும்" என்றேன். சரி டீச்சர் என்று போய்விட்டாள்.

இன்னொருத்தி ஆதினி. ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு வீறிடுவாள், பாயில் உருளுவாள். அவளுக்கு நான் வைத்திருந்த பேர் அடங்காப்பிடாரி. பூட்டு, சாவி, ஷேம் எதுவும் அவளிடம் பலிக்கவில்லை.

இந்த நிலையில்தான் உத்தரவு வந்தது. பாலர் பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் விருதுநகரில் சனிக்கிழமைதோறும் புதுப் பயிற்சிக்குப் போக வேண்டுமாம். பிள்ளைகளின் மனசையும், ஒவ்வொன்றும் கற்றுக்கொள்ளும் விதத்தையும் அறிந்து நடத்துவதற்கு. நான் முகத்தைச் சுளித்தேன். ஜான்சி சிரித்தாள். "உனக்கு எதுக்குடி பயிற்சி? உன்ன வச்சுத்தான் அங்க பாடமே நடத்தணும்."

அவள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

பயிற்சி தருகிறவன் ரஃபீக் என்ற இளைஞன். என் மூத்த மகனைவிட நாலைந்து வயசு கூட இருப்பான். ஒவ்வொருவர் மேசையிலும் நெற்றிப்பட்டி ஒன்றும் இடுப்பு வார் மாதிரி ஒன்றும் இருந்தன.

"இது சினிமா இல்லீங்க டீச்சர். படம் தெரியாது, சத்தம் கேக்காது, அந்தப் புள்ள என்ன நெனச்சதுன்னும் தெரியாது" என்றான். "ஒடம்பு மட்டும்தான். எங்கயோ ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளையோட காப்பு எடுத்து வச்ச ஒடம்பு. அதுக்கு நெஞ்சு படபடத்தா ஒங்களுக்குப் படபடக்கும். அதுக்கு வயிறு கலங்குனா ஒங்களுக்கும் கலங்கும்."

"ஏன் தம்பி, பிரசவ வலியும் இதுல வருமா? வந்தா எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போறேன்" என்றேன். கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான்.

பட்டியை மாட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. காரணமே இல்லாமல் என் மண்டைக்குள் முள் முள்ளாகக் குத்தியது. தோள் காதுவரை ஏறிக்கொண்டது. ஓடு ஓடு என்று கால் துடித்தது, ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. கழற்றும்போது கண்ணெல்லாம் நீர். என்னய்யா நடந்தது இந்தப் பிள்ளைக்கு, யாராவது அடித்தார்களா என்று கேட்டோம்.

"பக்கத்துல மிக்சி ஓடுச்சு. அவ்வளவுதான்" என்றான் ரஃபீக். "சில புள்ளைங்களுக்குச் சத்தம் காதோட நிக்காது, ஒடம்பு பூரா ஏறும். நமக்கு அது அடம்புடிக்கிற மாதிரித் தெரியும்."

எனக்கு ஆதினி ஞாபகம் வந்தாள். திங்கட்கிழமை முதல் வேலையாக ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினேன். மூலையில் பழைய திரைச்சீலையைக் கட்டி, இரண்டு தலையணை போட்டு, சத்தம் பிடிக்காதவர்கள் உள்ளே போய்க்கொள்ளலாம் என்றேன். ஆதினி அன்றைக்கு வீறிடவில்லை. மத்தியானம் தானாக வந்து என் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சின்ன உடம்பின் சூடு சேலை வழியாக இறங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையோடு கொஞ்சம் தலைக்கனமும் வந்தது என்பதை மறைப்பானேன்?

அடுத்த சனிக்கிழமை கூடத்தில் இதைச் சொன்னேன். கைதட்டினார்கள். தேநீர் வேளையில் ரஃபீக் வந்து, "மாவட்டத்துக்கு ஒரு தலைமைப் பயிற்றுநர் வேணும் டீச்சர். ஒங்க பேரை அனுப்பட்டுமா?" என்று கேட்டான். நான் யோசித்துச் சொல்வதாகப் பிகு பண்ணிவிட்டு, பேருந்தில் ஏறியதும் ஜான்சிக்கும் வீட்டுக்காரருக்கும் போன் போட்டேன்.

அதற்கடுத்த வாரம் ரஃபீக் பட்டியை மாட்டச் சொல்லும்போதே, "இது கொஞ்சம் கஷ்டமா இருக்கும். சத்தம் போடாத புள்ளையோடது" என்றான்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு முதுகுத்தண்டு விறைத்தது, யாரோ பின்னாலிருந்து கம்பு வைத்துக் கட்டியதுபோல. நெஞ்சு தையல் மிஷின் மாதிரி ஓடியது, ஆனால் உடம்பு அசையவில்லை. தொண்டை வறண்டு கிடந்தது. அடிவயிறு கனத்தது. பெண்களுக்குத் தெரியும், நீண்ட தூரப் பேருந்தில் இறங்க வழியில்லாமல் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்தக் கனம். அது கூடிக்கொண்டே போனது. திடீரென்று முகம் குப்பென்று சூடேறியது. நெஞ்சுக்கூடு விரிந்து, வாய் திறந்து, தொண்டை கிழியக் காற்று வெளியேறியது. மறுபடி, மறுபடி. பிள்ளை கதறுகிறது என்று நினைத்தேன். கதறும்போதும் தொடை இறுக்கத்தை விடவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. பாதியிலேயே பட்டியைப் பிய்த்து மேசையில் போட்டேன்.

"எவடா அது?" என்று எழுந்தேன். "ஒரு பச்சப்புள்ள இம்புட்டுப் பயத்தோட ஒக்காந்திருக்கு, ஒண்ணுக்குக்கூடப் போக விடாம! அவளெல்லாம் ஒரு டீச்சரா? பேய்! அவ வயித்துல ஒண்ணு பொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இந்த மாதிரி ஆளைக் கண்டுபுடிச்சு மொதல்ல வேலையை விட்டுத் தூக்கணும் தம்பி. தூக்குனாத்தான் மத்தவளுகளுக்குப் புத்தி வரும்."

கூடம் முழுக்கக் கைதட்டல். ரஃபீக் மட்டும், "பாதியில கழட்டிட்டீங்க டீச்சர். இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. முடிச்சிருங்க" என்றான்.

மறுபடி மாட்டினேன். கதறல் ஓய்ந்திருந்தது. கைகள் மார்போடு இறுகின. விரல் உதட்டின்மேல் அழுந்தியது. அது ஊரெல்லாம் செய்வதுதானே என்று இருந்தேன். அப்போது என் நாக்கு எழுந்தது. நான் எழுப்பவில்லை, அது தானாக மடிந்து, மேலே போய், அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதும் நெஞ்சின் ஓட்டம் இன்னும் கூடியது.

தமிழ்நாட்டில் வேறு எந்த டீச்சரும் செய்யாதது.

பட்டியைக் கழற்றினேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. பின்வரிசையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர் ஒருத்தி எழுந்தாள். "சுபாஷினி டீச்சர் சொன்னதுதான் சார் சரி. அவளைக் கண்டுபிடிச்சு வீட்டுக்கு அனுப்பணும். என்ன டீச்சர்?" என்று என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தலையாட்டினேன். பூம்பூம் மாடு கெட்டது, அப்படி ஆட்டினேன்.

"அந்தப் புள்ள சத்தம் போட்டுச்சே, அப்ப என்ன செஞ்சிட்டிருந்திருக்கும்?" என்று ரஃபீக் எல்லோரையும் கேட்டான். அழுதிருக்கும் என்றார்கள். "எங்களுக்கும் அப்படித்தான் தோணுது" என்றான்.

சாப்பாட்டு வேளையில் கை கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தேன். "தம்பி, இது எந்த ஊருப் புள்ளன்னு தெரியுமா?"

"பேரும் ஊரும் எங்ககிட்ட வராது டீச்சர். ஏன், ஒங்களுக்குத் தெரிஞ்ச புள்ளையா?"

"அய்யய்யோ, இல்லல்ல. சும்மா கேட்டேன்." பொய் எவ்வளவு சுளுவாக வந்தது! சும்மா இருக்க முடியாமல் அவன்மேல் பாய்ந்தேன். "அது சரி, ஒரு புள்ளையோட பயத்த எடுத்து இப்படி ஊரு ஊராப் போட்டுக் காட்டுறீங்களே, அந்தப் புள்ளகிட்ட கேட்டீங்களா?"

அவன் குழாயை மூடாமலே நின்றான். "அம்மா சம்மதிச்சிருக்காங்க. புள்ளகிட்ட... இல்ல டீச்சர், கேக்கல. நானும் அதை நெனச்சுப் பாத்திருக்கேன்."

அவன் தலை குனிந்ததும் எனக்குச் சின்ன ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்து அடுத்த நிமிஷமே கூசிப்போனேன். நான் மாட்டாமல் இருக்க இன்னொருவனை மாட்டிவிடுகிறேனா?

அந்தப் பிள்ளை ஆதினியாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டினேன். அவள்தானே கதறுகிறவள். அப்படியானால் பாதிப் பாவம் கழிந்துவிட்டது, அவளுக்குத்தான் திரைச்சீலை கட்டியாயிற்றே. ஆனாலும் திங்கட்கிழமை காலை வகுப்பில் அறிவித்தேன். "இன்னைலேர்ந்து நாக்குப் பூட்டு கெடையாது. எல்லாரும் பேசலாம்."

கொஞ்ச நேரம் ஒருத்தரும் நம்பவில்லை. பிறகு ஒருவன் சும்மா "ஆ" என்று சொல்லிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு போயிற்று, ஜான்சி எட்டிப் பார்க்கிற அளவுக்கு இரைச்சல். நறுமுகை மட்டும் கை கட்டி, முதுகு நிமிர்ந்து, வாய் இறுகி உட்கார்ந்திருந்தாள். கண்கள் என் இடுப்பிலேயே இருந்தன.

அந்த ஆரவாரத்தில் ஆதினி பாயிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டாள். ஈரம் பரவியது. நான் வாயே திறக்கவில்லை. அதற்குள் நறுமுகை துள்ளி எழுந்து, விரலை நீட்டி, "ஷேம் ஷேம்! ஷேம் ஷேம்!" என்று கத்தினாள். என் குரல், அந்த இழுப்பு, அந்த முகச்சுளிப்பு, எல்லாம் அப்படியே நான். நெஞ்சு விரிந்து, தொண்டை கிழிய, மறுபடி மறுபடி. முகம் குப்பென்று சிவந்திருந்தது. நான் அவள் கால்களைப் பார்த்தேன். ஒன்றோடொன்று பின்னி, தொடைகள் இறுகி, முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

அழவில்லை அந்தப் பிள்ளை, பட்டியில் எனக்குள் கத்தியது இவள்தான். எனக்காகக் கத்தியிருக்கிறது. அடுத்த விரல் தன் பக்கம் நீண்டுவிடக் கூடாது என்று முதல் ஆளாகக் கத்தியிருக்கிறது. தண்ணீர் குடித்தால் வரும், வந்தால் கேட்க வேண்டும், கேட்டால் 'நறுமுகையைப் பாத்துக் கத்துக்கோங்க' போய்விடும். அதனால் பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்குப் போயிருக்கிறது. அவளைப் பிடித்த காய்ச்சல் என் பாராட்டிலிருந்து வந்ததா? என் வாய்க்கு இருபது வருஷமாகச் சம்பளம் வேறு.

நான் அவள் முன்னால் மண்டியிட்டேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "டீச்சர் தப்புப் பண்ணிட்டேன்டி கண்ணு. டீச்சரை மன்னிச்சிரு. ஷேம் இல்லடா, எதுவுமே ஷேம் இல்ல" என்று சொல்லும்போதே அழுகை பீறிட்டது. பிள்ளைகள் முன்னால் மூக்கைச் சிந்தி அழுதேன். வகுப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. நறுமுகை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, தன் குட்டி விரலை எடுத்து என் உதட்டின்மேல் வைத்து அழுத்தினாள்.

"அழக் கூடாது டீச்சர். பூட்டுப் போடுங்க."

அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான். நான் இன்னும் அழுதேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உடம்பு லேசாக இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன், பிள்ளையும் மன்னித்துவிட்டாள் என்று மனசு நிறைந்துபோனது.

மறுநாள் ஹரிணியை ஷிஃப்டுக்கு முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பூட்டு, ஷேம், பாட்டில், எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அடிச்சுட்டேன் டீச்சர்" என்றாள் கடைசியில். "நீங்க கண்டிப்பா இருக்கச் சொன்னீக. தண்ணி குடிக்கலன்னு தெனமும் அடிச்சேன். தொடையில தழும்பு கெடக்கு."

பிரம்பைத் தொடாதவள் என்று பீற்றிக்கொண்டேனே, என் பிரம்பு அவள் வீட்டில் இருந்திருக்கிறது.

அவள் சம்மதத்தையும் நறுமுகையின் காப்பு எண்ணையும் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை சீக்கிரமே விருதுநகர் போய்விட்டேன். ரஃபீக்கிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அந்த மன்னிப்புக் கேட்ட நேரம் இருக்குல்ல, அதை மட்டும் எனக்குப் போட்டுக் காட்டு தம்பி" என்றேன்.

"எதுக்கு டீச்சர்?"

"அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவ பாத்துக்கிறேன். பயம் போன மாதிரி இருந்திருக்கும்ல, அத வச்சுக்கிட்டே நான் செத்தாலும் பரவாயில்ல."

அவன் வேண்டாம் என்பதுபோல் பார்த்தான். பிறகு எடுத்துக் கொடுத்தான்.

கனம், இறுக்கம், சூடு, எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். இந்த இடத்தில் நான் மண்டியிட்டிருப்பேன் என்று கணக்கிட்டேன். யாரோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டதுபோல் மணிக்கட்டு இறுகியது. இனி இறங்கும், இனி லேசாகும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. தரை நழுவியதுபோல் வயிறு கீழே விழுந்தது. நெஞ்சு அடிக்கவில்லை, உதறியது. இதுவரை நான் இருந்த எந்தப் பிள்ளையின் உடம்பிலும் இவ்வளவு பயம் இல்லை. தொடை மட்டும் கொஞ்சம்கூடத் தளராமல், இன்னும், இன்னும் இறுகியது. அந்த நடுக்கத்தோடு வலது கை எழுந்து முன்னால் நீண்டது. என் உதட்டைத் தேடி வந்த விரல்.

பட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். "நான் மன்னிப்புத்தானே கேட்டேன்?" என்றேன்.

"கேட்டீங்க டீச்சர்." அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "ஆனா நாலு வயசுக்கு மன்னிப்புன்னா என்னான்னு தெரியுமா? டீச்சர் அழுதா ஒலகமே ஆடுற மாதிரி அதுக்கு. தன்னாலதான் அழுறாங்கன்னு நெனைக்கும். ஏற்கெனவே அதுக்கு ஒரு பாரம். அதுக்கு மேல ஒங்களச் சமாதானப்படுத்துற வேலையும் சேந்துக்கிச்சு."

முன்னால் அவளை என் பெருமைக்கு வைத்துக்கொண்டேன். இப்போது என் பாவத்தைக் கழுவ வைத்துக்கொண்டேன். இரண்டு தடவையும் அவளுக்கு ஒண்ணுக்கு வந்துகொண்டிருந்தது, இரண்டு தடவையும் நான் கவனிக்கவில்லை. மண்டியிட்டு அழுத நேரத்தில் அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போயிருக்கலாமே! அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? இதைவிட அவமானம் ஒரு மனுஷிக்கு உண்டா?

அன்று கூடம் நிறைந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர் கேட்டாள். "அந்தப் பேயக் கண்டுபிடிச்சாங்களா சார்?"

"கண்டுபிடிச்சாச்சு" என்று நான் எழுந்தேன். "நான்தான் அது."

முதலில் ஒருத்தி சிரித்தாள், வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து. நான் நாக்குப் பூட்டை நின்ற இடத்திலேயே போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கைதட்டியவர்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்கள். தலைமைப் பயிற்றுநர் பேச்சு அதோடு போயிற்று, நானும் கேட்கவில்லை. வேலையைப் பற்றி முடிவு வரும்வரை வகுப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு எப்படி வந்தாலும் அதற்குள் அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது தானாகக் கேட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு இருந்தது.

என்ன செய்வது என்று ரஃபீக்கும் சொல்லவில்லை, எந்தப் பட்டியும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் பாட்டில் தண்ணீரைப் பிள்ளைகள் முன்னால் மடக்மடக்கென்று குடித்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"டீச்சருக்கு ஒண்ணுக்கு வருது. போயிட்டு வந்துர்றேன்."

வகுப்பு திகைத்தது. அப்புறம் ஒருவன் ஆரம்பித்தான், "ஷேம் ஷேம் டீச்சர்!" எல்லா விரலும் என் பக்கம் நீண்டன. கூரை அதிர்ந்தது. நிஜமாகச் சொல்கிறேன், இந்த வயசில் எனக்கே காது சூடாகிவிட்டது. "வருதே, என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து, "அப்பாடா, இப்பத்தான் நல்லா இருக்கு" என்று உட்கார்ந்தேன். நறுமுகை கத்தவில்லை. யாரைப் பார்த்துக் கத்துவது என்று அவளுக்குக் குழம்பிவிட்டது.

தினமும் இதையே செய்தேன். பாட்டு நடக்கும்போது, கதை நடுவில், ஆய்வுக்கு ஆள் வந்திருக்கும்போதுகூட. "போய்ச் சுகர் டெஸ்ட் எடுடி" என்றாள் ஜான்சி. விரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. ஒருவன் "எனக்கும் வருது" என்று என்னோடு நடந்தான், அப்புறம் ஆதினி, அப்புறம் ஒரு கூட்டமே. நறுமுகையை நான் கூப்பிடவில்லை. அவள் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்க்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒரு நாள் நான் எழுந்து நடக்கும்போது முந்தானை பின்னால் இழுபட்டது. திரும்பவில்லை, நடையை மட்டும் மெதுவாக்கினேன். கழிப்பறை வாசலில் அவள் நின்றுவிட்டாள். தொடை பின்னியிருந்தது, ஆனாலும் உள்ளே போகவில்லை. கையை என் இடுப்புக்கு நேரே நீட்டினாள்.

"சாவி குடுங்க டீச்சர்."

பூட்டு கிடையாது என்று அறிவித்தேனே தவிர, சாவியை நான் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவ்வளவு நாளும் அது என் இடுப்பில்தான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டிவரும் என்று விழுங்கிக்கொண்டேன். இடுப்பிலிருந்து எடுப்பதுபோல் எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரல்களை மூடி, கனத்தைப் பார்ப்பதுபோல் ஒரு தரம் அசைத்துப் பார்த்தாள்.

பிறகு உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். வெகுநேரம் சத்தம் கேட்டது. முடிந்ததும் கதவிடுக்கில் பார்த்தேன். மூடிய கையைக் கழிப்பறைக் குழிக்கு நேரே நீட்டி, விரல்களைப் பிரித்து உதறிவிட்டு, வாளியிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு ஊற்றினாள். எட்டிப் பார்த்தாள். போதவில்லைபோல, இன்னொரு குவளையும் ஊற்றினாள்.